புகைப் பொடியும் கல் பொடியும்

எனக்கு எதற்கெடுத்தாலும் பயம். அடுப்பில் பாலை வைத்துவிட்டு வாசலுக்குப் போனால் பயம். வீட்டுக்காரர் ஆவடி ஸ்டேஷனில் ஓடுகிற வண்டியில் ஏறினால் பயம். ஏறாமல் அடுத்த வண்டிக்கு நின்றால், வேலைக்கு லேட்டாகுமே என்று அதற்கும் பயம். "வயித்துல நெருப்ப கட்டிக்கினே பொறந்தியாமே நீ?" என்று கேட்பார். சிரித்துக்கொண்டுதான் கேட்பார். அவர் இருந்தவரை இதை எழுதும் துணிச்சல் எனக்கு வரவில்லை. இப்போதும் துணிச்சல் வந்துவிட்டதாகச் சொல்ல மாட்டேன். யாரிடமாவது சொல்லித் தொலைக்க வேண்டும், அவ்வளவுதான்.

தொண்ணூறுகளின் ஆரம்பம். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்ன ரப்பர் கம்பெனியில் நாங்கள் இரண்டு பேருமே வேலை பார்த்தோம். அவர் மிக்சிங் ஷெட்டில், நான் டெஸ்ட் ரூமில். நான் ஆவடி குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள், அப்பாவுக்கு டிபன்ஸ் பேக்டரியில் வேலை, கெமிஸ்ட்ரி படித்திருந்தேன். அவர் கோவில்பதாகைக்காரர். அவர் வீட்டில் ஒரு தலைமுறைக்கு முன்னால் எல்லோரும் அடுத்தவர் வயலில் நாற்று நட்டவர்கள். வயலெல்லாம் மனையாகப் போனதும் வீட்டுக்கு ஒருவராக எஸ்டேட்டுக்கு வந்துவிட்டார்கள். எங்களுக்குள் எப்படி என்று கேட்டால், டெஸ்ட் ரூமுக்கும் மிக்சிங் ஷெட்டுக்கும் நடுவில் ஒரு கண்ணாடித் தடுப்பு இருந்தது, அப்படித்தான். அப்பா ஒரு வருஷம் என்னோடு பேசவில்லை. பெண் குழந்தை பிறந்ததும் வெட்கமில்லாமல் கிலுகிலுப்பையோடு வந்து நின்றார்.

மிக்சிங் ஷெட்டில் பனைமரம் பருமனுக்கு இரண்டு உருளைகள் ஒன்றை நோக்கி ஒன்று சுற்றிக்கொண்டிருக்கும். நடுவில் ரப்பரைப் போட்டு, மேலே பொடியை அள்ளி அள்ளித் தூவி, கத்தியால் அறுத்து மடித்து மறுபடி உருளைக்குள் விட வேண்டும். பொடி சேரச் சேரத்தான் ரப்பருக்குப் பலம். வெறும் ரப்பர், இழுத்தால் தயிர் மாதிரி பிய்ந்துவிடும். அள்ளிப் போடும் பொடியில் பாதி ரப்பருக்குள் போகும், மீதி ஷெட் முழுக்கப் பறக்கும். நாங்கள் போட்டது கல் பொடி. ஏதோ குவாரி பக்கத்து மில்லில் வெள்ளைக் கல்லை அரைத்து, பெயர்கூட எழுதாத மூட்டையில் கட்டி லாரியில் வந்து இறக்கிவிட்டுப் போவார்கள்.

அந்தப் பொடிக்கு இருமல் உண்டு. சாயங்காலம் மூன்று மணியானால் ஷெட்டில் ஒருவர் ஆரம்பிப்பார், அப்புறம் வரிசையாக எல்லோரும். அதற்கு மருந்து வெல்லம். ஷிப்ட் முடிந்து கை கழுவியதும் ஆளுக்கொரு கட்டி அச்சு வெல்லம், அதை வாங்கி வாயில் அடக்கிக்கொண்டுதான் கேட்டைத் தாண்டுவார்கள். நெஞ்சில் படிந்த தூசியை வெல்லம் வழித்துக்கொண்டு வயிற்றுக்குத் தள்ளிவிடும் என்பது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். முதலாளிக்கும் தெரியும், போர்மேனுக்கும் தெரியும். கெமிஸ்ட்ரி படித்த எனக்கும் தெரியும் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. மூச்சுக்குழாய் வேறு, உணவுக்குழாய் வேறு என்று பரீட்சையில் படம் போட்டு மார்க் வாங்கியவள்தான் நான். அவர் வெல்லத்தை மறந்துவிட்டு வந்த நாளெல்லாம் சண்டை பிடித்திருக்கிறேன்.

ஒரு நாள் டை கட்டிய ஒருவர் புதுப் பொடியோடு வந்தார். வெளிநாட்டுச் சரக்கு. மூட்டை மெத்தை அளவுக்கு இருந்தது, அவர் அதை ஒற்றைக் கையால் தூக்கி என் மேஜைமேல் வைத்தார். பிரித்து விரலை விட்டால், விட்டது மாதிரியே தெரியவில்லை. லேசாகத் தட்டினால் பொடியாக விழாமல் புகையாக எழுந்தது. அன்றைக்கே நம்மவர்கள் அதற்குப் புகைப் பொடி என்று பெயர் வைத்துவிட்டார்கள். ஒரு தலைமுடியின் பருமனுக்குள் இதில் ஆயிரக்கணக்கானதை வரிசையாக நிறுத்தலாம் என்றார் டைக்காரர். கையோடு கொண்டுவந்த வழவழப்புத் தாளில் நானோமீட்டர் என்று போட்டிருந்தது. இப்போது பெயின்ட், ஷாம்பு என்று எல்லாவற்றுக்கும் டிவியில் நானோ நானோ என்கிறார்கள். அந்த வார்த்தை எங்கே காதில் விழுந்தாலும் எனக்கு அந்த மேஜையும் மூட்டையும்தான் ஞாபகத்துக்கு வரும்.

எல்லோரும் "அட!" என்று வாயைப் பிளந்தார்கள். நான் மட்டும் விரலை முந்தானையில் துடைத்துக்கொண்டேன். அவ்வளவு சின்னதை எது தடுத்து நிறுத்தும்? மூக்கில் இருக்கிற முடி நிறுத்துமா, வெல்லம் நிறுத்துமா?

ஆனால் அந்தப் பொடியை முதலில் கொண்டாடியவளும் நான்தான், அதையும் சொல்லிவிட வேண்டும். ரப்பரை எலும்பு வடிவத்தில் சின்னத் துண்டாக வெட்டி, இரண்டு முனையையும் மெஷினில் கவ்வ வைத்து, அறுந்து போகும்வரை இழுப்பதுதான் என் டெஸ்ட். கல் பொடித் துண்டு கொஞ்சம் நீண்டதுமே பட்டென்று போய்விடும். புகைப் பொடித் துண்டு போகிறது, போகிறது, மெஷின் முள் போய்க்கொண்டே இருக்கிறது! நான் எழுந்து நின்றுவிட்டேன். கண்ணாடி வழியாக அவருக்கு இரண்டு கையையும் அகல விரித்துக் காட்டினேன். அவர் கத்தியைத் தூக்கி ஆட்டினார். முதலாளி அந்தக் கலவையிலேயே ஒரு மெல்லிய குழாய் இழுத்துக் கொண்டுவந்து என் உள்ளங்கையில் வைத்தார்.

"ஏம்மா, இது எங்க போகும் தெரியுமா? குறை மாசத்துல பொறந்த குழந்தைக்கு மூக்கு வழியா பால் விடறதுக்கு. இப்ப போடற குழாய் எல்லாம் விறைப்பா இருக்காம், புண்ணாயிடுதாம். இந்த ஆர்டர் மட்டும் கிடைச்சா நம்ம கம்பெனியே வேறம்மா."

அந்தக் குழாயை விரலில் சுற்றிப் பார்த்தேன். அத்தனை மிருது. எங்கள் பெண்ணுக்கு அப்போது இரண்டு வயது, ஒன்பது மாதம் முடிந்து கொழுக் மொழுக்கென்று பிறந்தவள். அப்படிப் பிறக்காத குழந்தையின் மூக்கை நினைத்துப் பார்த்தேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

ஐந்து பேட்ச் ஓட்டிப் பார்ப்பது, ஐந்தும் டெஸ்டில் பாஸானால் கல் பொடியை ஒரேயடியாக நிறுத்திவிட்டு எல்லா வேலைக்கும் இதையே போடுவது என்று முடிவாயிற்று. மூன்று வாரத்துக்கு வேலை, அதுவரை கல் பொடி மூட்டையைத் தொடுவதில்லை.

முதல் வாரத்திலேயே என் தூக்கம் போயிற்று. காரணம், அவருடைய இருமல் நின்றுவிட்டது. மூன்று மணி ஆகிறது, நான்கு ஆகிறது, ஷெட்டில் ஒருத்தரும் இருமவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பனி மூட்டம் மாதிரி வெள்ளையாக இருக்கிறது, அதன் நடுவில் நின்று என் வீட்டுக்காரர் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டு ரப்பரை அறுக்கிறார்.

"இருமல் நின்னுச்சே, சந்தோஷப்படுவியா? அத்த வுட்டுட்டு பேய் அறைஞ்ச மாறி மூஞ்ச வச்சிக்கினு கீறே" என்றார்.

"உள்ளே போறது உடம்புக்கே தெரியலைங்க. அதான் இருமல் வரல."

"தெரியாத எதுக்குமே பயப்படணும்னா நீ என்னக் கட்டிக்கினு இருந்திருக்கவே மாட்டே."

நான் அவர் டிபன் டப்பாவைக் கழுவப் போனேன்.

இருமல் நின்றதும் போர்மேன் வெல்லத்தையும் நிறுத்திவிட்டார். அவ்வளவுதான், பற்றிக்கொண்டது. மிக்சிங் ஷெட் மொத்தமும் வேலையைப் போட்டுவிட்டு கேட்டில் உட்கார்ந்துவிட்டது. அதில் என் வீட்டுக்காரர் முதல் ஆள். "தூசிக்குத் தர வெல்லம் அண்ணாத்தே அது, எங்க உரிம! தூசி சின்னதா பூட்சின்னா வெல்லத்தையும் சின்னதாக்குவியா?" என்று கத்துகிறார். அரை நாளில் முதலாளியே ஒரு டின் வெல்லத்தோடு இறங்கி வந்து கொடுத்துச் சிரித்துவிட்டுப் போனார். ஜெயித்துவிட்டார்களாம்! எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. பாவிகளா, மாஸ்க் கேட்டிருக்கலாமே, காற்றை வெளியே இழுக்கும் விசிறி கேட்டிருக்கலாமே, அரை நாள் வெயிலில் உட்கார்ந்து வெல்லத்தையா கேட்பீர்கள் என்று வீட்டுக்கு வந்ததும் பொரிந்து தள்ளினேன். வாயில் கட்டியை வைத்துக்கொண்டு அவர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

நானே ஒரு மாஸ்க் தைத்தேன். அவருடைய பழைய வேட்டியை நாலாக மடித்து, ஓரம் அடித்து, நாடா வைத்தேன். "டாக்டர் வர்றாருப்பா, வழி வுடு" என்று ஷெட்டில் கிண்டல் செய்தார்களாம். ஆனாலும் எனக்காகக் கட்டிக்கொண்டார். இரண்டு நாள் நிம்மதியாக இருந்தேன். மூன்றாம் நாள் சாப்பாட்டு வேளையில் என் புத்தி சும்மா இருக்கவில்லை. அதே நாலு மடிப்புத் துணியில் ஒரு ஸ்பூன் புகைப் பொடியை வைத்து முடிந்து, ஒரு கருப்பு ரப்பர் ஷீட்டுக்கு மேலே பிடித்து லேசாக உதறினேன். ஷீட் முழுக்க விபூதி தூவினது மாதிரி வெள்ளை. துடைத்துவிட்டு உட்கார்ந்தேன். துடைத்த இடத்தில் மறுபடி படிந்தது.

முதலாளியிடமே போனேன். அவர் கெட்டவர் இல்லை. நான் சொன்னதை எல்லாம் கேட்டுவிட்டு, மூட்டையோடு வந்த தாளைத் தேடி எடுத்து என்னிடமே கொடுத்தார். இங்கிலீஷில் கட்டம் கட்டமாக இருந்தது. கண்ணில் பட்டால் என்ன செய்ய வேண்டும், கீழே கொட்டினால் எப்படி அள்ள வேண்டும். கடைசியில், நெடுநாள் மூச்சில் போனால் என்ன ஆகும் என்ற கட்டத்தில், போதுமான தகவல் இல்லை என்று மட்டும் இருந்தது.

"போன் போட்டும் கேட்டேம்மா. அவங்களுக்கும் தெரியாதாம். இதுவரைக்கும் யாரும் கம்ப்ளெயின்ட் சொன்னதில்லைன்றாங்க. நீயே சொல்லு, நான் என்ன பண்ணட்டும்? அந்தக் குழாய் எத்தனை குழந்தைக்குப் போகும், யோசிச்சுப் பாரு."

யோசித்தேன், யோசிக்காமலா! மார்க்கெட்டில் கத்தரிக்காய் வாங்கும்போது யோசித்தேன், குழந்தைக்குத் தலை சீவும்போது யோசித்தேன். ஒரு பக்கம் முகம் தெரியாத குழந்தைகள், இன்னொரு பக்கம் இவர். வேலை முடிந்து வந்ததும் எங்கள் பெண் ஓடிப்போய் அவர் சட்டையில் முகத்தைப் புதைத்துக்கொள்வாள். "சட்டைய கழட்டிட்டு அப்புறம் தூக்குங்க!" என்று நான் அலறுவேன். அவள் பயந்துபோய் அழுவாள். தெரியாது என்று எழுதியிருந்தால் தெரியாது என்றுதானே பொருள்? எனக்கோ அந்த வரி கெடுதல் என்றே பட்டது.

நான்காவது பேட்ச் டெஸ்டுக்கு வந்த அன்று, எலும்புத் துண்டுகளை வெட்டி வரிசையாக மேஜைமேல் வைத்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உருளைமேல் குனிந்திருந்தார். டிராயரிலிருந்து பிளேடை எடுத்தேன். ஒவ்வொரு துண்டின் ஓரத்திலும், நடுப்பகுதியில், ஒரு சின்னக் கீறல். கண்ணுக்குத் தெரியாது. ஆனால் இழுக்கும்போது அந்த இடத்திலிருந்து கிழிசல் ஓடும். ஒன்றன் பின் ஒன்றாகப் பட் பட்டென்று அறுந்து போயின. ஐந்தாவது பேட்சுக்கும் அப்படியே செய்தேன். ரிஜிஸ்டரில் பெயில் என்று எழுதினேன். கையெழுத்து நன்றாகத்தான் வந்தது.

முதலாளி அறுந்த துண்டுகளைக் கையில் எடுத்து முனையோடு முனை சேர்த்துப் பார்த்தார். "முதல் மூணும் நல்லா வந்துச்சே" என்றார். "நிலையா வரலை சார்" என்றேன். குழந்தை மூக்குக்குப் போகிற குழாயில் நிலையாக வராத சரக்கைப் போட அவருக்கு மனசு வரவில்லை. ஆர்டரை விட்டுவிட்டார். மிச்சமிருந்த மெத்தை மூட்டைகளை டைக்காரர் வேனில் ஏற்றிக்கொண்டு போனார். அந்தக் குழந்தைகளுக்கு வேறு எந்தக் கம்பெனியிலிருந்தாவது குழாய் போயிருக்கும். போயிருக்க வேண்டும். இன்றைக்கும் எனக்கு அது தெரியாது.

மறு வாரமே கல் பொடி மூட்டை வந்து இறங்கியது. மூன்று மணிக்கு ஷெட்டில் இருமல் ஆரம்பித்தது. அவர் இருமுவதைக் கண்ணாடி வழியாகக் கேட்டேன். அப்பாடா என்று இருந்தது. இருமினால் உடம்பு வெளியே தள்ளுகிறது என்றுதானே அர்த்தம்! அன்றைக்கு மூன்று வாரத்துக்கப்புறம் அடித்துப் போட்டது மாதிரி தூங்கினேன்.

ஏழு வருஷம் ஓடியது.

ஆவடி ஸ்டேஷன் மேம்பாலத்தில் இரண்டு இரண்டு படியாகத் தாவுகிறவர், பாதியில் நின்று கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, "பட்டாபிராம் வண்டி வருதா பாரு" என்பார். எங்களுக்கு பட்டாபிராம் வண்டி எதற்கு? எஸ்டேட்டுக்குப் பட்டரவாக்கத்தில் இறங்க வேண்டிய ஆளுக்கு அது எதிர்த் திசை வண்டி. மூச்சு வாங்குவதை மறைக்கிறார் என்று புரிய எனக்கு ஒரு மாதம் ஆயிற்று. முதலில் பார்த்த டாக்டர் டிபி என்று ஆறு மாதம் மாத்திரை கொடுத்தார். இளைத்ததுதான் மிச்சம். அப்புறம் ஒரு நெஞ்சு டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் மாட்டிப் பார்த்துவிட்டு, அவரை மூச்சு ஊதிப் பார்க்கப் பக்கத்து அறைக்கு அனுப்பினார் டாக்டர். என்னை மட்டும் உட்காரச் சொன்னார்.

"கல் உடைக்கிற வேலையாம்மா?"

"இல்லை சார், ரப்பர் வேலை." நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டேன். "ஒரு மூணு வாரம் வெளிநாட்டுப் பொடி ஒண்ணு போட்டாங்க சார். புகை மாதிரி. நானோமீட்டர் அளவுன்னு எழுதியிருந்தது. அதுதானே சார்? அதுதானே உள்ளே போயிருக்கு?"

பொடியின் பெயரைக் கேட்டார், சொன்னேன். தலையை ஆட்டினார். "அது இந்த மாதிரி பண்ணி நான் பார்த்ததில்லை. அதைப் பத்தி முழுசா யாருக்கும் தெரியாதும்மா, அது வேற விஷயம். ஆனா இது படிகக் கல்லோட வேலை. வெள்ளைக் கல்லை மாவா அரைச்சா வருமே, அது. நுரையீரல்ல தங்கி வடு வடுவா ஆக்கிடும். அந்த மாதிரி ஏதாவது போட்டாங்களா?"

பெயர்கூட இல்லாத மூட்டைகள் கண் முன்னால் வந்து நின்றன. அவற்றோடு எந்தக் காலத்திலும் ஒரு தாள் வந்ததில்லை. தெரியாது என்று எழுதக்கூட அங்கே யாரும் இல்லை. அந்தக் கல் பொடியில் ஒரு ஸ்பூன் எடுத்து அதே நாலு மடிப்புத் துணியில் முடிந்து உதறிப் பார்க்க எனக்குத் தோன்றியதே இல்லை. பழகின பொடிதானே என்று இருந்துவிட்டேன்.

"எத்தனை வருஷமாப் போடறாங்க?" என்று கேட்டார் டாக்டர்.

"நடுவுல நிறுத்த இருந்தாங்க சார்" என்றேன்.

திரும்பி வரும்போது மேம்பாலத்தில் பாதிப் படியில் வழக்கமான இடத்தில் நின்றார். இந்த முறை வண்டி வருகிறதா என்று கேட்கவில்லை. சட்டைப் பையிலிருந்து பேப்பரில் மடித்த வெல்லக்கட்டியை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

"டாக்டர் இன்னா சொன்னாரு? அந்தப் புகப் பொடிதானே?"

நான் ரயில் பாதையைப் பார்த்தேன்.

"எனக்குத் தெரியும்மே. மூணே வாரம் போட்டதுக்கு இந்த கதி. நீ அன்னிக்கி பிளேடு போட்டு வுட்டியே, இல்லேன்னா இன்னா ஆயிருப்பேன்?"

ரயில் பாதையை விட்டு அவர் பக்கம் திரும்பினேன். "உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"கண்ணாடின்னா ரெண்டு பக்கமும்தானே தெரியும்? நீ மட்டுந்தான் பாப்பியா? திரும்பினேன், கீறிக்கினு இருந்தே." மூச்சு வாங்கினார். வாயில் வெல்லத்தை ஒரு பக்கமாக ஒதுக்கிக்கொண்டார். "மொதலாளியாண்ட சொல்லிடலாமான்னு நெனச்சேன். குழாயெல்லாம் சோக்கா வந்துச்சு, பாவம் அந்தக் கொழந்திங்க. அப்புறம் நெனச்சேன், நீ படிச்சவ, தெரியாம செய்ய மாட்டே. எத்தினி தபா உன்ன பயந்தாங்கொள்ளின்னு சொல்லிக்கீறேன். என் உசுர காப்பாத்தி வுட்டுட்டியே நீ. இல்லியா?"

என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஆமாங்க" என்றேன். அவர் கையைப் பிடித்துக்கொண்டேன், மீதிப் படிகளை மெதுவாக ஏறினோம்.